ஆகாயத்துச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். வெள்ளை உடம்பு, கூர் மூக்கு. சத்தத்தைவிட வேகமாகப் பறக்கிறாள் என்பார் என் வீட்டுக்காரர். பறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? என் வீட்டு அலமாரிக் கதவில் எதற்கு வந்து ஒட்டிக்கொண்டாள்?

போர்ட் பிளேர் பஜாரில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வீடு டெலானிபூர் மேட்டில். மெட்ராஸிலிருந்து கப்பலில் சரக்கு வரும்போது பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கட்டும் வரும். மற்றவர்கள் மிளகாய் மூட்டையை முதலில் பிரிப்பார்கள். இவர் பேப்பரைப் பிரிப்பார். அந்த விமானத்தின் படம் கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு வேண்டாம்.

"பாவம் புள்ள இது, சோதனைக்குன்னே செஞ்ச விமானம். இதுக்குப் பின்னால வர்றதெல்லாம் ஆளை ஏத்திக்கிட்டுப் போவும். இதுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. வெயில்ல ஓட்டிப் பாக்குறது, மழையில இறக்கிப் பாக்குறது, பறக்கும்போதே இன்ஜினை அணைச்சுப் பாக்குறது, எல்லாச் சித்ரவதையும் இதுக்குத்தான்" என்று உருகுவார். அவள் மூக்கு எவ்வளவு சுடும் என்று அவருக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்பது பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. வயிறு எரியுமா, எரியாதா?

அந்த வருஷம் நான் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். கூடவே கப்பலில் வந்து கொண்டுவிடுவதாக எங்கள் உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நோன்பு மாதத்தில் கப்பல். கிளம்பும் வாரம் பார்த்து ரேடியோ வாய் திறந்தது. அந்த விமானம் சோதனைக்காக இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே பறக்கிறதாம்.

"நீ இந்தக் கப்பல்ல முன்னால போ. நான் அடுத்த ஜகாஜ்ல வாறேன். நம்ம பக்கமா போறப்ப டும் டும்னு ரெண்டு சத்தம் கேக்கும் புள்ள. மூக்குக்கு ஒண்ணு, வாலுக்கு ஒண்ணு. அதை மட்டும் கேட்டுட்டு வந்துடுறேன்."

"அவளுக்கு வால் வேற இருக்கா? நல்லது. வாப்பா எங்கேன்னு பிள்ளை கேட்டா ஆகாயத்தைக் காட்டுறேன்" என்றேன். சிரித்தார் மனுஷன். எனக்கு அழுகை வந்தது.

கப்பலுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரே மழைக்கருக்கல், சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. எங்கள் பள்ளிவாசலில் நோன்பு திறக்க ஒரு வெடி போடுவார்கள். மேடு முழுக்க அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று எனக்கு நோன்பு இல்லை, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. "பிஸ்மில்லா" என்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். பக்கத்து வீடுகளிலும் கஞ்சிக் கிண்ணங்கள் ஓசைப்பட்டன.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "மச்சான், வெடி ஒண்ணுதானே போடுவாங்க? இப்ப ரெண்டு கேட்டுச்சே."

மென்ற வாய் அப்படியே நின்றது. அதற்குள் வெடி போடுகிற பள்ளிவாசல் மோதினார் தெருவில் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "அரே பாய், யாரும் நோன்பு தொறக்காதீங்க! டைம் நஹி ஹுவா, இன்னும் நேரமாகல! நான் இன்னும் திரியே கொளுத்தல!"

இவர் பழத்தைத் துப்பிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். மேலே மேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. வெகுநேரம் அண்ணாந்து நின்றுவிட்டு வந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். மாசக்கணக்கில் என் கண்ணாடியில் நான் பார்த்தது.

"நீ கேட்டுட்ட" என்றார். "என் காதுலயும்தான் விழுந்துச்சு, நான் பழம் தின்னுக்கிட்டு இருந்தேன். உனக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சுச்சு?"

"சக்களத்தி வர்ற சத்தம் பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

இனி இங்கே இருந்து என்ன காத்திருக்க? மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு கப்பல் ஏறினார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

துறைமுகம் மறைவதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"புள்ள," என்றார் மெதுவாக, "அந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லு."