சராசரிக்கு வைத்த உலை

பள்ளியில் கணக்கில் நான் மோசமில்லை. அதனால் எங்கள் மகளிர் குழுவில் எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. இறால் காயவைக்க எங்களுக்கு ஒரு பாலித்தீன் கூடாரம் கிடைத்திருந்தது. வெயில் நாளில் உள்ளே நின்றால் மூச்சு முட்டும். இறால் ஒரே நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும். ஆனால் பொடி இறால் ஏரியில் வந்து குவிவதே ஐப்பசி, கார்த்திகை மழையில்தான். அப்போது வெயிலுக்கு எங்கே போவது? போன வருடம் கூடாரத்துக்குள்ளேயே இறால் நாறிப்போய் வாரிக் கொட்டினோம். இந்த வருடமும் அப்படி ஆனால் குழுவில் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள் என்று எனக்குப் பயம்.

விறகு உலை வைத்துக் குழாய் வழியாகக் கூடாரத்தைச் சூடேற்றலாம் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். பொறுமையான மனுஷர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விகளில் எனக்குத் தலை சுற்றியது. நீளம், அகலம், உயரம் சரி. தாள் எத்தனை மைக்ரான்? மழை நாளில் வெளியே எத்தனை டிகிரி? வாடைக்காற்று கூடாரத்தின் எந்தப் பக்கம் அடிக்கும்? பச்சை இறாலில் தண்ணீர் எவ்வளவு? அதோடு, ஈரக்காற்று வெளியேற மேலே திறந்து வைக்க வேண்டுமாம். அப்படியானால் சூடும் கூடவே போய்விடாதா என்று கேட்டேன். போகும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு என்றார். புரிந்த மாதிரி தலையாட்டினேன். இன்றைக்கும் அது எனக்கு முழுசாகப் புரியவில்லை.

கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பச்சை இறால் வரும் என்று கேட்டார். அப்பாடா, இது தெரியும். ஒரு மாதத்து இறாலைக் கூட்டி, முப்பதால் வகுத்து, இருபது கிலோ என்றேன். அதற்கு ஏற்ற உலையை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் இறால் பிடிக்கிற இடத்துக்குப் பாடு என்று முறை உண்டு. ஊர் மூன்று பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வலை கட்ட முடியும். குழுவில் இருக்கிற பத்து வீடும் ஒரே பங்கு. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த முறையில்தான் சோறு தின்கிறேன். முப்பதால் வகுக்கும்போது மட்டும் அது எப்படி ஞாபகத்துக்கு வராமல் போனது?

கார்த்திகையில் எங்கள் முதல் பாடு நாள். விடிந்ததிலிருந்து மழை. பத்து வீட்டு இறாலும் சேர்ந்தாற்போல வந்தது, அறுபது கிலோ. அதற்கடுத்த இரண்டு நாளும் உலைக்கு வேலையே இருக்காது. எல்லாவற்றையும் உள்ளே பரப்பி, விறகைத் திணித்து எரித்தோம். மதியம் வரை பாலித்தீன் தாள் வேர்த்துக் கொட்டியதே தவிர இறால் காயவில்லை. சாலையில் தண்ணீர் ஏறியதால் ஐஸ் வண்டியும் வரவில்லை. உலை தாங்குகிற மூன்று வீட்டு இறாலை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மற்றதை வெளியே எடுத்தாக வேண்டும். யாருடையதை? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. பாடு நாளில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போடுவது போலச் சூட்டுக்கும் போட்டோம். முதல் சீட்டில் என் பெயர். எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சீட்டு விழுந்த பிறகு மாற்றக்கூடாது என்பது ஊர் வழக்கம்; அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

என் இறால் நன்றாகக் காய்ந்தது. என் ஓரகத்தியுடையது கறுத்து நாறியது. அதைக் குழியில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவியபடியே கேட்டாள்.

"நீ எழுதிக் குட்த்த கணக்குல, என் கூடை எப்ப வரும்னு போட்டே?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று போட்டிருந்ததைச் சொன்னேன்.

"அப்டி ஒரு ஏரி எங்க கீது?" என்றாள்.

அடுத்த பாடு நாளில் ஏழு வீடு கூடாரத்துப் பக்கமே வரவில்லை; மூன்று கூடைதான் வந்தது. உலைக்கு அது சரியாக இருந்தது.