இல்லாத கைக்குள் இருந்தது

எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிசியோதெரபி வேலையிலேயே எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க நோயாளிகளோடு பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்கிறது. இந்த வயதில் பேச்சுப் பயிற்சியா? ஆனால் வருகை கட்டாயம். ஓசூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் எங்கள் மறுவாழ்வுப் பிரிவின் மாடிக் கூடத்தில் செவிலியர், ஆயாக்கள், தெரபிஸ்டுகள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் பெங்களூரிலிருந்து டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்து சேர்ந்தார். திரையில் ஆங்கிலம், வாயில் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு. நோயாளியிடம் ‘சரியாப் போயிடும்’ என்று சொல்லக் கூடாதாம். எங்கள் தொழிலின் தேசிய கீதமே அதுதான், கூடத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். நோயாளி சொன்னதையே அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். இதற்கா காலையிலிருந்து சமோசா வாசத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் எங்கள் வார்டு ஆயா. மகன் படிப்பு, வீட்டு வாடகை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தக் கை போன அம்மாவுக்கு வலது பக்கமா நான் நடக்கறதில்லைங்க மேடம்” என்றார்.

“வலது பக்கமா நடக்கறதில்லை” என்றேன், விதிப்படி.

“அங்க ஆரோ நிக்கிற மாதிரியே இருக்குதுங்க.”

அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிற்சியாளர் கைதட்டி ஜோடியை மாற்றச் சொன்னார், தப்பித்தேன்.

அந்தக் கை போன அம்மாள் என்னுடைய நோயாளி. காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போனவர், கொட்டையையும் தோலையும் வெளியே தள்ளும் இயந்திரத்தில் சிக்கி, வலது கையை முழங்கைக்குக் கீழே இழந்திருந்தார். புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத கை வலித்தது. இது எங்களுக்குப் புதிதல்ல. கை போன சேதி மூளைக்குப் போய்ச் சேரப் பல பேருக்கு வெகுகாலம் ஆகும். இவருக்கு அந்த இல்லாத கை இறுக மூடியே இருந்தது. உள்ளங்கையில் என்னவோ குத்திக்கொண்டே இருக்கிறது என்பார், நகம்தான் குத்துகிறது என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், கை முனையைக் கட்டில் கம்பியில் மோதிக்கொள்ள ஆரம்பித்தார். ஆறிய தையல் மறுபடி பிளந்தது. இன்னொரு முறை பிளந்தால் முழங்கையையும் சேர்த்து எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூட்டு போனால் செயற்கைக் கை வைத்தும் பெரிதாகப் பிரயோசனம் இல்லை. அந்த அம்மாளோ, “மேலயே வெட்டிடுங்க” என்று எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இந்த வலிக்கு ஒரு கண்ணாடி வைத்தியம் உண்டு. மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, குறைக் கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை முன்னால் வைக்கச் சொல்வோம். கண்ணாடிக்குள், இழந்த கை திரும்பி வந்ததுபோல் தெரியும். நல்ல கையை விரித்தால் அதுவும் விரியும், மூளை ஏமாந்து பிடியைத் தளர்த்தும். பல பேர் அந்தக் கையைப் பார்த்ததும் குழந்தைபோல் சிரித்துவிடுவார்கள். இவர் மட்டும் பார்த்த உடனே இடது கையையும் மூடிக்கொண்டார். விரிங்கம்மா விரிங்கம்மா என்று தினமும் மன்றாடினேன், அதட்டியும் பார்த்தேன். மூடிய கை மூடியபடியே இருந்தது.

ஆயா சொன்ன பிறகுதான் மற்றவையும் என் கண்ணில் பட்டன. அந்த அம்மாள் கட்டிலின் இடது ஓரத்தில் ஒண்டிப் படுத்தார். வாசலைத் தாண்டும்போது பக்கவாட்டில் திரும்பி, பின்னால் வருபவருக்கு வழி விட்டார். எதிரே டிராலி வந்தால் குறைக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், கூட வரும் ஆள்மேல் அது இடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுபோல. பட்டப்பகல், தாழ்வாரம் முழுக்க வெயில், கீழே கிரானைட் லாரிகளின் இரைச்சல்.

மறுநாள் கண்ணாடியை எடுக்காமல் எதிரே உட்கார்ந்தேன். பயிற்சியில் சொன்னது உருப்படியா என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பும் இருந்தது. “கைக்குள்ள என்ன இருக்குது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது அவ்வளவு சிரமம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“அவ மணிக்கட்டுங்க.”

“அவ மணிக்கட்டு.”

“நாடி துடிக்குதுங்க. குத்தறது நகமில்லைங்க, வளையல் துண்டு.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பக்கத்தில் நின்று வேலை செய்த பெண் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரி. இயந்திரம் அவளைத்தான் முதலில் இழுத்தது. இவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கண்ணாடி வளையல்கள் கைக்குள்ளேயே நொறுங்கியிருக்கின்றன. பிடியை விடாததால் இவர் கையும் கூடவே போயிருக்கிறது. “இன்னும் இழுக்குதுங்க” என்றார் சாதாரணமாக, வெளியே மழை பெய்கிறது என்பதுபோல.

அந்தப் பெண் அன்றைக்கே, அந்த இடத்திலேயே இறந்துவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். சேர்த்த அன்றே இவருடைய கணவர் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, இவருக்குச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அம்மா வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்று அவர் சொல்ல, நர்சுகள் சொல்ல, நானும் சொல்லியிருந்தேன்.

“அவ நல்லா இருக்கான்னு நீங்கள்லாம் சொல்றப்ப நாடி திரும்ப அடிக்குதுங்க. அப்புறம் எப்படிங்க விடறது?”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். உண்மையில் ஓடி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். செத்துப்போனவளின் நாடியை நாங்கள் எல்லோரும் முறை வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சாயங்காலம் அவருடைய கணவரிடம் பேசினேன். நல்ல மனிதர், மாந்தோப்புக் குத்தகைக்காரர், மனைவியின் தையல் இன்னொரு முறை பிளந்துவிடுமோ என்று அவருக்கும் நடுக்கம்தான். சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லாவிட்டால் முழங்கை போய்விடும் என்று நானும் விடவில்லை. கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தன்னால் ஆகாது, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அடுத்த நாள் காலையில் கண்ணாடியை நிறுத்தினேன். குறைக் கை பின்னால் மறைந்தது. அந்த அம்மாள் இடது கையை முன்னால் வைத்துவிட்டு, என் மணிக்கட்டைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வாட்சைக் கழற்றச் சொன்னார், அவள் வாட்ச் கட்டமாட்டாளாம். கழற்றிவிட்டு மறுபடி நீட்டினேன். இடது கை என் மணிக்கட்டை இறுகப் பற்றியது. கண்ணாடிக்குள், போன வலது கை ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. அது என்னுடையதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடியைப் பார்த்தபடியே அந்த அம்மாள் கேட்டார்: “நான் விட்டா அவ போயிடுவாளாங்க?”

சரியாப் போயிடும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“அவங்க போயிட்டாங்கம்மா. அன்னைக்கே போயிட்டாங்க. நீங்க விடல. உங்க கை போற வரைக்கும் நீங்க விடல.”

அவர் அழவில்லை, அதிரவும் இல்லை. கண்ணாடியைவிட்டுப் பார்வையை எடுக்காமல் மூச்சை மட்டும் பெரிதாக இழுத்தார். பிறகு விரல்கள் மெதுவாகத் தளர்ந்து, முழுசாக விரிந்தன. கண்ணாடிக்குள்ளும் விரிந்தன. உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லாததை அவர் பார்த்தார். அவர் நெற்றிச் சுருக்கம் என் கண் முன்னே கலைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது அவர் தணிந்த குரலில் சொன்னார்: “நான் விட்டுட்டனுங்க. அவதான் விடல.”

குனிந்து பார்த்தேன். என் ஐந்து விரலும் அவருடைய மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. கையைத் தளர்வாக நீட்டியதுதான் எனக்கு நினைவு, எப்போது பிடித்தேன் என்று தெரியவே தெரியாது. எடுக்கப் பார்த்தேன், விரல்கள் வரவில்லை. பயந்துபோனேன்.

“அவளுக்குத் தமிழு அவ்வளவா வராதுங்க. கன்னடத்துல சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்ததெல்லாம் காய் வாங்கும் அளவு கன்னடம். கண்ணாடிக்குள் இருந்த அந்தக் கையைப் பார்த்து, “பிட்டுபிடம்மா” என்றேன், விட்டுவிடம்மா என்று. இரண்டாம் முறையும் சொன்னேன். சுண்டுவிரல் முதலில் கழன்றது. பிறகு ஒவ்வொன்றாக.

“போறா” என்று அந்த அம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. அந்தப் பக்கமே பார்த்தபடி, இழவு வீட்டில் அழுவதுபோல அவள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.