பால்மாப் பேணியும் இரண்டு பிழைக் கோணங்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: "பி.ப. 2.20, மேடைப் பக்கக் கதவு, 40 பாகை. 2.30, குசினி யன்னல், 310 பாகை. 2.55, இரண்டும் பிழை."

இடம், சிட்னிப் புறநகரான கிரவீனில் ஒரு வாடகை மண்டபம். நண்பர் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து. சாப்பிட்டுக் கை கழுவும்போது என் மனைவியின் அண்ணன் இடது காதைத் தடவிப் பார்த்தார். காது கேட்கும் கருவியைக் காணவில்லை. ஆறு மணிக்கு அவர் விமானநிலையத்தில் நிற்கவேண்டும். கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு மாதம் அங்கேதான் இருக்கப்போகிறார்.

"பேரன் அழுறதும் கேக்காது, மோள் கதைக்கிறதும் கேக்காது," என்றார்.

"ரெண்டாவது நல்லதுதானே," என்றாள் என் மனைவி. அதை அவருடைய வலது காதுப் பக்கம் நின்று நான் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

கருவி அருகில் எங்கோ இருக்கிறது என்பதை மட்டும் அவருடைய கைபேசி காட்டியது. எந்தத் திசை என்று காட்டவில்லை. வானொலி அலைகளைப் பிடிப்பது என் பொழுதுபோக்கு. காரில் நான் அன்ரெனாவாக மாற்றிய ஒரு பால்மாத் தகரப் பேணி கிடந்தது. பக்கத்தில் துளையிட்டு, உள்ளே ஒரு குட்டைச் செப்புக்கம்பி நிறுத்தி, அதை ஒரு சிறு வானொலி வாங்கிப் பெட்டி வழியாகக் கைபேசியோடு இணைத்திருந்தேன். காதுக் கருவி விடும் சமிக்ஞை, பேணியின் வாய் அதன் பக்கம் பார்க்கும்போதுதான் பலமாக வரும். மெல்லச் சுற்றி, அது உச்சமாக வரும் கோணத்தைக் குறிக்கவேண்டும். பிறகு வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கோணம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பொருள் இருக்கும்.

"என்ன ஐசே, பேணியோட நிக்கிறீர்? தேத்தண்ணி குசினிக்குள்ளதான்," என்றார் பிறந்தநாள்காரர்.

கடதாசி மேசைவிரிப்பில் கோடுகளைக் கீறினேன். பின்வாசல் குப்பைத்தொட்டியில் வெட்டின. நானும் மச்சானும் சட்டைக் கையை மடித்துவிட்டு அதைக் கிளறினோம். மண்டபத்துக் கரண்டிகள் நான்கு கிடைத்தன.

மறுபடி பேணியைத் தூக்கினேன். இப்போது குப்பைத்தொட்டிப் பக்கம் ஒன்றுமில்லை. கார்கள் நிற்கும் பக்கம் பலமாக வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோணம் நகர்ந்தது. அப்போதுதான் விளங்கியது. என் இரண்டு கோணங்களுக்கும் இடையில் பத்து நிமிடம். நான் தேடிய பொருள் ஓரிடத்தில் இருக்கவில்லை.

பேணியின் நேரே ஓர் அன்ரி பெரிய பையோடு காருக்குப் போய்க்கொண்டிருந்தார். மிஞ்சிய சாப்பாட்டை ஐஸ்கிறீம் பெட்டிகளில் போட்டு எல்லோருக்கும் பங்கிட்டவர்.

"அன்ரி, ஒருக்கா நில்லுங்கோ."

"ஏன் தம்பி, உமக்கும் தந்தனான்தானே?"

"சாப்பாட்டுக்கில்லை. பையைப் பாக்கவேணும்."

அவர் பேணியைப் பார்த்தார். "ஓட்டைப் பேணிக்குள்ள குழம்பு விடேலாது. வேற ஏதும் கொண்டாரும்."

கத்தரிக்காய்க் குழம்புக்கும் வடைக்கும் நடுவில், ஒரு கடதாசித் துவாய்க்குள் கருவி கிடந்தது. பாட்டுச் சத்தம் தாங்காமல் கழற்றிச் சுற்றிவைத்தது மச்சானுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மேசையைத் துப்புரவாக்கிய அன்ரி அதையும் சேர்த்து அள்ளியிருக்கிறார். மச்சான் அதைத் துடைத்து மாட்டினார்.

"கேக்குதோ?" என்றேன்.

"மணக்கவும் மணக்குது," என்றார். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னரே விமானநிலையத்தில் நின்றார்.

ஒன்றை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. முதல் இரண்டு கோடுகளும் குப்பைத்தொட்டியில் வெட்டியது தற்செயலா, அல்லது பை சற்றுநேரம் அதன் பக்கத்தில் இருந்ததா? தான் சாப்பாட்டுப் பையை அங்கே வைக்கவே இல்லை என்கிறார் அன்ரி. பார்த்ததாகச் சொல்ல வேறு எவரும் இதுவரை அகப்படவில்லை.