என் கையெழுத்து எது?

போன வாரம் நான் கொடுத்த செக் ஒன்று திரும்பி வந்துவிட்டது. கணக்கில் பணம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆனால் கூட வந்த சீட்டு சொல்கிறது — கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்!

யாரோடு? என்னோடுதான்!

எல்லாம் ஸ்கூட்டரை விற்றதால் வந்த வினை. பெசன்ட் நகரில் ஒரு சின்ன மனை பார்த்திருந்தோம். கொஞ்சம் பணம் குறைந்தது. ஸ்கூட்டரை விற்றுவிடலாம் என்று பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தேன். மறுநாளே மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பேரமே பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"இம்புட்டு ரூவாயையும் மடியில கட்டிக்கிட்டு பஸ்ஸுல வர முடியுமா சார்? ஒங்க பேங்க் கணக்கு நம்பரைச் சொல்லுங்க, நானே போயி கட்டிருதேன்" என்றார்.

நம்பரையா? முன்பின் தெரியாதவரிடமா? 'ஒரு நிமிஷம்' என்று உள்ளே போனேன்.

"ஏன்னா, மனைக்குச் சேர்த்த பணம் பூரா அதுலன்னா இருக்கு! நம்பரை வெச்சுண்டு எல்லாத்தையும் எடுத்துண்டு போயிட்டார்னா?" என்றாள் என் மனைவி.

போட முடியும் என்றால் எடுக்கவும் முடியுமோ? எனக்கும் குழப்பம். கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் டாக்ஸி வைத்து ரொக்கமாகவே கொண்டுவந்தார். ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் மனைவி கேட்டாள்: "பேங்க்ல போடற கையெழுத்தையா போட்டேள்?"

அதைத்தான் போட்டிருந்தேன்!

பேங்குக்கு ஓடினேன். "நம்பர் தெரிஞ்சா பணம் போடத்தான் சார் முடியும். எடுக்கணும்னா உங்க கையெழுத்து வேணும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"அதைத்தானே கொடுத்துட்டேன்!"

"நம்பரை ஒளிச்சு வெச்சுட்டு கையெழுத்தைக் கொடுத்தீங்களா?" என்று சிரித்தார். "பயப்படாதீங்க. உங்க செக் புக் இல்லாம அவர் என்ன பண்ண முடியும்?"

கேட்கும் நிலையிலா இருந்தேன்? பேங்கில் கொடுத்திருந்த மாதிரிக் கையெழுத்தை அன்றைக்கே மாற்றினேன். இனிமேல் சுழி கிடையாது; தமிழில், முழுப் பெயர்.

இரண்டு நாள் கழித்து, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றும் ஃபாரத்தோடு அண்ணாச்சி வந்தார். புதுக் கையெழுத்தைப் போட்டேன். அவர் ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரசீதுல ஒரு கையெழுத்து, இதுல ஒரு கையெழுத்து. எனக்கு வண்டிய வித்தது யாரு சார்? என்னைய ஏமாத்தப் பாக்கியளா?"

அவரைத் திருடன் என்று நினைத்த நான், இப்போது அவர் கண்ணில் திருடனாக நின்றேன். வெட்கமாக இருந்தது. புதுக் கையெழுத்தை அடித்துவிட்டுப் பழைய கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அதே பதற்றத்தில் மனைக்காரருக்கான செக்கிலும் பழைய சுழியையே போட்டுத் தொலைத்தேன். திரும்பி வந்தது அந்தச் செக்தான்.

மனைக்காரர் பொறுமைசாலி. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன் சார். அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். செக்கெல்லாம் வேண்டாம், என் கணக்கு நம்பரை எழுதிக்குங்க, நேரா கட்டிடுங்க" என்றார். அவ்வளவு சாதாரணமாக! இவருக்கு மட்டும் ஏன் பயமில்லை?

எழுதிக்கொண்டேன். ஆனால் கட்டுவதற்கு முதலில் என் பணத்தை நான் எடுக்க வேண்டுமே... நேற்று புதுக் கையெழுத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதம்!

ஒன்று மட்டும் நிச்சயம். என் பணம் ரொம்பப் பத்திரமாக இருக்கிறது. யாராலும் எடுக்க முடியாது — என்னாலும்!