கூரைமேல் நான்கு பற்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன்பற்கள் தூக்கல். உதடு முழுதாக மூடாது. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வேன். ஆட்டோ ஓட்டுவது எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். சவாரிக்கு வருகிறவர்கள் என் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

என் மகளுக்கும் அதே வாய். நிறம், கண், முடி எல்லாம் அவள் அம்மாவுடையது. என்னுடையது என்று அவளிடம் இருந்தது அந்த வாய் மட்டும்தான். எங்கள் பொழிச்சலூரில் யாரும் சொல்லாமலே அவளை என் மகள் என்று கண்டுகொள்வார்கள்.

பத்தாவது முடித்ததும், பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று அவளே கேட்டாள். தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"இடம் பத்தாது சார். மேல ரெண்டு, கீழ ரெண்டு எடுத்தாதான் முன்பல்லு உள்ள போகும்."

"மூஞ்சி மாறுமாம்மா?"

"உதடு உள்ள போகும். மூக்கும் தாடையும் கொஞ்சம் எடுப்பா தெரியும். நல்லாத்தான் சார் இருக்கும்."

மகளின் முகம் மலர்ந்தது. நான் தலையாட்டினேன்.

இரண்டு தடவையாகப் பிடுங்கினார்கள். நான்கு பற்களையும் பஞ்சில் சுற்றி வாங்கி வைத்திருந்தேன். கடைசிப் பல்லையும் எடுத்த அன்று மாலை, பால் பல் விழுந்தால் செய்வதுபோலவே, அவற்றை எங்கள் வீட்டு ஷீட் கூரைமேல் எறிந்தேன். சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"இன்னாயா பண்றே?"

"பல்லு…"

"மறுபடி மொளைக்கணும்னுதானே கூரைல போடுவாங்க? மொளைக்கவே கூடாதுன்னு புடுங்கிட்டு வந்தா, நீ இன்னா வேண்டிக்கினு கீறே?"

வாயில் பஞ்சைக் கடித்திருந்த மகள் சிரிக்க முடியாமல் தவித்தாள். ஏதோ பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றேன். அது முழு உண்மை இல்லை.

விமான நிலையம் பக்கத்தில் என்பதால், விமானம் தாழ்வாகப் போகும்போதெல்லாம் ஷீட் அதிரும். அதன் பள்ளங்களில் பற்கள் உருள்வதுபோல எனக்குக் கேட்கும்.

மாதம் ஒருமுறை கம்பியை இறுக்க அவளை ஆட்டோவில் கூட்டிப்போவேன். முன்னாலிருக்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். வெயிலும் மரநிழலும் அதன்மேல் மாறி மாறி விழும். உதடு ஒரு நூல் உள்ளே போயிருப்பதுபோலத் தோன்றும், அடுத்த நிழலில் இல்லை என்று தோன்றும். குளம் வற்றுவதுபோல, எந்த நாளில் குறைந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டு வருடம் கழித்துக் கம்பியைக் கழற்றினார்கள். அன்று கண்ணாடியில் ஓர் அழகான பெண் உட்கார்ந்திருந்தாள். யாரோ சவாரிக்கு ஏறியதுபோல இருந்தது. வண்டியைக் கிளப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாப்பா, மீட்டர் போட்டாதான் வண்டி எடுப்பியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினேன். கண்ணாடியில் அவளும் சிரித்தாள். அவள் கையும் தானாக எழுந்து, அந்தப் புது வாயைப் பொத்தியது.

"இனிமே எதுக்கும்மா கை?"

"தெரில்லப்பா. நீ பொத்துனியா, எனக்கும் வந்துச்சு."

என்னுடையது இன்னும் அவளிடம் இருக்கிறது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு கையை இறக்கி, கண்ணாடியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். அவளும் கையை எடுத்தாள்.

2009 ஆகஸ்ட் 23, ஞாயிறு.