வீட்டிலேயும் சார்தான்

என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் மூன்று நாளாக அடிபிடி. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு தகப்பன், அங்கெல்லாம் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், மரியாதை மனதில் இருந்தால் போதாதா என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், குழு பற்றிக்கொண்டது. காரோடு ஊர்க்காரர் ஒருவருக்கு எழுதிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. குரல் செய்தியிலேயே கத்தினார்: "பேரச் சொல்லி விளிச்சா, நாளைக்கு தோளுல கையப் போட்டுக்கிட்டு நடப்பானுவ, கேட்டியளா!" என் கருத்தையும் கேட்டார்கள். நான் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு நழுவினேன். இந்த விஷயத்தில் வாய் திறக்கும் யோக்கியதை எனக்கில்லை. காரணம் என் சித்தி.

எங்கள் ஊர் கேரளத்தின் தெற்கு எல்லையில், குன்னத்துகால் பக்கம். இங்கே ஆசிரியர் ஆணானாலும் பெண்ணானாலும் சார்தான். சேலை உடுத்து, பூ வைத்து, குடையும் கைப்பையுமாக வந்து நின்றாலும் "குட்மார்னிங் சாரே" என்றுதான் சொல்லுவோம். வடக்கேயிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் பெண் என்றால் டீச்சராம். எங்களுக்கு அதில் மரியாதை ஒரு பிடி குறைவாகத் தெரியும். ஒரு பெண்ணுக்கு எங்கள் ஊர் கொடுக்கக்கூடிய பெரிய பட்டம் சார் என்பதுதான்.

சித்திக்கு அந்தப் பட்டத்தின் மேல் சிறுவயது முதலே கண். அம்மாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பயிற்சி முடித்த கையோடு, நான் மூன்றாம் வகுப்புப் படித்த சபைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தினக்கூலி வாத்தியார் வேலை கிடைத்தது. அதுவும் என் வகுப்புக்கே. அந்த வருஷக் கடைசியில் ஒரு சார் பென்ஷன் ஆகவிருந்தார். அந்த இடம் நிரந்தரமாகக் கிடைக்குமா என்பதுதான் சித்தியின் ஒரே பேச்சு, ஒரே ஜெபம்.

முதல் நாள் காலையில் என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: "மக்கா, ஸ்கூல்ல நான் சித்தி இல்ல, சார் ஆக்கும். மறந்து போவப்பிடாது, கேட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். ஆனால் கஞ்சி போட்ட சேலையில் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் பெஞ்சின் மேல் ஏறி நின்று "எங்க சித்தீ!" என்று கூவிவிட்டேன்.

அன்று மத்தியானத்துக்குள் அவள் முப்பது பேருக்கும் சித்தி. "சித்தி, ஒண்ணுக்குப் போட்டா?", "சித்தி, இவன் என்ன நுள்ளுதான்!" இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து "சித்தி" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். கஞ்சிப்புரையில் பயறு அவிக்கும் அக்காவும் "சித்திக்கு ஒரு சாயா" என்றாள்.

சித்தி ஹெட்மாஸ்டரிடம் போய் முறையிட்டாள். அவரோ அவளுக்கே நாலாம் வகுப்பு எடுத்தவர். மூக்கொழுகி நின்ற பிள்ளையாகத்தான் அவர் கண்ணுக்கு அவள் இன்னும் தெரிந்தாள். "பேரச் சொல்லி விளிக்கல்லியே, சித்தின்னுதானே விளிக்குதுவ? போட்டும் மக்கா" என்று வராந்தாவில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னார். மறுநாள் இரண்டு பேர் "மக்கா சித்தி" என்று அழைத்துப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் சித்தி தேங்காய் துருவிக்கொண்டே அழுதாள். ஏன் என்று கேட்டேன். வெங்காயம் என்றாள். வெங்காயத்தை அங்கே காணோம்.

அதற்குப் பிறகுதான் என் பாடு திண்டாட்டமானது. நாக்கு பழக வேண்டும் என்று வீட்டிலேயும் சார் என்றே அழைக்கச் சட்டம் போட்டாள். "உனக்கு பிராந்தாட்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அம்மா சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. சித்தி என்று ஒரு தடவை வாயில் வந்தால், அன்றைக்குச் சோற்றில் எனக்குள்ள பப்படத்தை எடுத்து, என் முன்னாலேயே நொறுக்கித் தின்பாள். பப்படத்துக்காக உயிரையே கொடுக்கக்கூடியவள் நான்.

சும்மா காத்திருக்கிற ஆளுமில்லை அவள். பொறி வைப்பாள். காலையில் என்னை உலுக்கி எழுப்பி "நான் யாரு?" என்பாள். கண்ணைத் திறக்காமல் "சித்தி" என்றேனோ, போயிற்று பப்படம். "இந்த ரிப்பன் வாங்கித் தந்தது யாரு?" என்பாள். போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, என்னை மடியில் இருத்தி, குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னாள்: "இன்னைக்கு லீவாக்கும் மக்கா. இன்னைக்கு மட்டும் சித்தின்னு விளிச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." நான் உருகிப்போய் "சித்தி" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பப்படம் பெரியது, நன்றாகக் கொப்பளித்துப் பொரிந்தது. அதையும் அவள்தான் தின்றாள். பாவி!

அன்றே முடிவு செய்தேன், இனி செத்தாலும் அந்த வார்த்தை இந்த வாயில் வராது என்று. வரவும் இல்லை. எனக்கு வந்த துன்பம் மற்றவர்களுக்கும் வரட்டுமே என்று வகுப்பையும் பழக்கினேன். மத்தியானம் பலாமரத்தடியில், சித்தி என்று சொல்லுகிறவர்கள் எனக்கு ஒரு நெல்லிக்காய் தர வேண்டும் என்று விதி வைத்தேன். சில நாள் பாவாடைப் பை கிழிகிற அளவுக்கு வரும்படி இருந்தது. பிறகு குறைந்து குறைந்து நின்றே போனது. முப்பது பேரும் சார் என்று சொல்லப் படித்துவிட்டார்கள்.

அப்போதுதான் மானேஜர் வந்தார். சபைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அவர்தான் மானேஜர். வெள்ளை ஜிப்பா, பெரிய கறுப்புக் குடை. வகுப்பில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வேலை கொடுப்பார். பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர்களுக்கு அவர் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

அவர் ஹெட்மாஸ்டரோடு உள்ளே வந்ததும் முப்பது பேரும் எழுந்து நின்றோம். "குட்மார்னிங் சாரே!" ஓடு அதிர்ந்தது. சித்தி கழித்தல் கணக்குப் போட்டாள். அழுத்திய அழுத்தில் இரண்டு தடவை சாக்குக்கட்டி ஒடிந்தது. பாதிக் கணக்கில், கூரையிலிருந்து ஒரு அரணை நேராக மானேஜரின் மடியில் விழுந்தது. மானேஜர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். நாங்கள் மொத்தமாக அலறினோம். ஆனால் அலறியது "சாரே! சாரே!" என்றுதான். பயத்தில்கூட ஒருத்தருக்கும் நாக்கு பிசகவில்லை. சித்தி பேர் கூப்பிடும் ஹாஜர் புத்தகத்தால் அரணையைத் தள்ளி வெளியே விட்டாள். மானேஜர் ஜிப்பாவை உதறிக்கொண்டு இறங்கினார்.

இறங்கியவர், ஒன்றும் நடக்காதது போலக் காட்டிக்கொள்ள, முன் பெஞ்சிலிருந்த என்னிடம் கேட்டார்: "வீட்டுல யாரெல்லாம் உண்டு?"

"அப்பா, அம்மா, பிறவு ஒரு சார்" என்றேன்.

"சாரா? வீட்டுலயா? எந்த சார்?"

நான் சித்தியைக் கை காட்டினேன். சித்தியின் முகம் சாக்குக்கட்டி போல வெளுத்தது. ஹெட்மாஸ்டர் அவசரமாக மானேஜரின் காதருகே குனிந்து, "அது அவளுக்க சித்தியாக்கும், அம்மைக்க தங்கச்சி" என்றார்.

மானேஜர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப சித்தின்னு விளிக்கப்பிடாதா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொறி! சித்தி இந்தப் பெரிய மனுஷனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்! "விளிக்கமாட்டேன்" என்றேன்.

"வீட்டுலயும்?"

"வீட்டுலயும் சார்தான். தூக்கத்துலயும் சார்தான்."

அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "சொந்தப் பிள்ளையையே இப்பிடி அடக்கி வச்சிருக்குன்னா, பின்ன என்ன வேணும்?" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, நோட்டில் என்னவோ எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அன்று அம்மா பாயசம் வைத்தாள். சித்தி உத்தரவுக் காகிதத்தை வேத புத்தகத்துக்குள் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். பிறகு சோற்றுக்கு இருந்த என் பக்கத்தில் வந்து இருந்தாள். தன் பப்படத்தையும் எடுத்து என் இலையில் வைத்தாள்.

"மக்கா, ஒருக்கா சித்தின்னு விளி."

குரலில் அதே தேன். நான் பார்த்து வைத்திருக்கும் தேன்.

"மாட்டேன் சாரே."

"இனி வேண்டாம் மக்கா. எல்லாம் கழிஞ்சு போச்சு. வீட்டுல நான் உனக்க சித்திதானே?"

"இல்ல சாரே."

அவள் கண் நிறைந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். நான் இரண்டு பப்படத்தையும் இடது கையால் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து கை கழுவப் போனாள். பாயசத்துக்கு வரவில்லை.

சித்திக்கு வேறு அக்கா தங்கை இல்லை. எனக்குக் கூடப்பிறப்பும் இல்லை. பிறகு அவள் ஒற்றசேகரமங்கலத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். அங்கும் ஒரு பள்ளிக்கூடம், அங்கும் சார். அடுத்த மார்ச்சில் அவளுக்குப் பென்ஷன். பாதிப் பஞ்சாயத்து அவளைச் சார் என்றுதான் அழைக்கிறது. போனில் நானும் "சாரே, சுகமா?" என்றுதான் தொடங்குகிறேன். பழகிய நாக்கு திரும்பவே இல்லை. அவளை உரிமையோடு சித்தி என்று அழைக்க இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

அன்று அது எனக்குத் தெரியாது. ஏமாறாமல் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், அவள் பப்படத்தையும் சேர்த்து நானே தின்றேன்.