கயிறு பிடித்தவன் பங்கு

துரை சீமைக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் அந்தக் குட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே அது உட்கார்ந்து, காகிதத்தை நனைத்தும் விட்டது. அவருடைய பெட்டை நாய், டேன் என்று சொல்லும் பெருஞ்சாதி, ஈன்ற குட்டிகளில் மற்றவையெல்லாம் பட்டணத்துத் துரைமார் வீடுகளுக்குப் போய்விட்டன. இது கடைசி, சோனி. கேட்பாரில்லை. "உனக்குத்தான் வீட்டில் யாருமில்லையே, வைத்துக்கொள்" என்றார். எண்ணூர் உப்பளத்தில் அவர் மேலதிகாரி, நான் கணக்கப்பிள்ளை. மேலே இருப்பவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. அதோடு, அவர் சொன்னது உண்மையும்கூட.

எண்ணூருக்கு மாற்றலாகி வந்த மறுவருஷமே என் மனைவி பிரசவத்தில் போனாள். குழந்தையும் தங்கவில்லை. உப்பளத்தை ஒட்டின ஓட்டு வீட்டில் நானும், காற்றில் ஓயாமல் வந்து படியும் உப்புமாக இருந்தோம். ஆரம்பத்தில் அலுவலகத்தில் யாராவது "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்பார்கள். "ஆயிற்று" என்பேன். பெரும்பாலும் பொய். ஒருத்தனுக்காக உலை வைப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அது என்ன வெட்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் முகம் கேள்விக்கு இடம் கொடுக்கிற முகமும் அல்ல. கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

துரை வளர்க்கும் விதத்தை வாயால் சொல்லிக் கொடுத்தார். இந்தச் சாதிக்கு எலும்பு பெரிசு, அது இறுகக் காலம் பிடிக்கும், அவசரப்பட்டுக் கொழுக்க வைக்காதே. வயிறு முந்தினால் கால் வளைந்துபோகும். விலாவில் விரலை ஓட்டினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது. தின்றவுடன் ஓட விடாதே, படுக்க வை. உப்பு சேர்க்காதே. சின்ன வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, வளர வளர வேளையைக் குறை. மாட்டெலும்பு ரசம் நல்லது என்றும் சொன்னார். நான் சைவம், முட்டையைக்கூடத் தொட்டதில்லை என்றேன். துரை என்னையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடல் பக்கத்தில்தானே இருக்கிறது" என்றார்.

முதல் மாதம் பாலும் குழைந்த கஞ்சியும். அலுவலகத்திலிருந்து நடுநடுவே எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வருவேன். என்னைச் சாப்பிடக் கூப்பிட ஆளில்லாத வீட்டில், நான் வரவில்லையென்று கதவைப் பிறாண்டுகிற ஒன்று இருந்தது. இதை அப்போது யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொல்ல ஆளுமில்லை.

பிறகு மீன். வீட்டின் பின்புறம், வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் வைத்துத் தனி அடுப்புப் போட்டேன். தனிச் சட்டி, தனி அகப்பை. உள்ளே சைவ அடுப்பு, வெளியே அவனுடைய அடுப்பு. மீனை வேகவைத்து, ஆறவிட்டு, முள்ளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, சோற்றோடு பிசைய வேண்டும். காரப்பொடி என்கிற சின்ன மீனுக்கு இருக்கிற முள் வேறெதற்கும் இல்லை. முதல் நாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, சட்டியைத் தூர வைத்து, பாம்பைத் தொடுகிறவன் போலத் தொட்டேன். பிறகு துணி போயிற்று. விரலிலிருந்து வாடை மட்டும் போகவேயில்லை. ஊரிலிருந்து வந்த என் அண்ணன் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் அடுத்த ரயிலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வராததால் எனக்குப் பெரிய நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இருந்தது.

மீன் கொடுத்தவள் குப்பத்துக்காரி ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். காலை ரயிலில் கூடையோடு ராயபுரம் போய் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் மிச்சத்தை எனக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பாள். குட்டியைக் கண்டால் அவளுக்கு என்மேல் கோபம் வந்துவிடும்.

"இன்னா கணக்கப்புள்ளே, எலும்பும் தோலுமா கீது. புள்ளய பட்டினி போட்டா வளக்கறே?"

"எலும்பு இறுக வேண்டும், மெதுவாகத்தான் வளர்க்க வேண்டும்."

"அட, உப்பாவது போட்டுத் துன்ன வையேன். உப்பு மலைல குந்திகினு உப்பில்லாத சோறு போடற ஆள இப்பத்தான் பாக்கறேன். உப்பு போடாத கைக்கு அதுக்கு இன்னாத்துக்கு நன்றி இருக்கும்?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று படித்தவன் நான். அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் துரை சொன்னதை மீறவில்லை.

அவன் வளர்ந்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு பாகம் மட்டும் வளரும். ஒரு வாரம் காது, ஒரு வாரம் பாதம். ஒரு மாதம் முழுக்க வெறும் காலாகவே இருந்தான். வருஷம் திரும்பியபோது, உட்கார்ந்தபடியே என் சாப்பாட்டு இலையை எட்டிப் பார்த்தான். குப்பத்தில் அவனுக்குக் கன்னுக்குட்டி என்று பெயர். எதிரில் வருகிறவர்களெல்லாம் "கன்னுகுட்டி துன்னுச்சா?" என்றுதான் கேட்பார்கள். "துன்னுச்சு" என்று நான் பதில் சொல்வேன். அவனைப் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் இருந்தவன் தின்றானா என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை.

கால் வளையவில்லை. நெஞ்சு அகன்று, நிமிர்ந்து நின்றான். ஆனால் வேளை குறைந்ததே தவிர அளவு குறையவில்லை. நாலு பேர் சாப்பிடுவதை ஒருத்தன் சாப்பிட்டான். அந்த வருஷத்து ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளித்ததால் கட்டுமரம் இறங்கவில்லை, மீன் கிடைப்பதே அரிதாயிற்று. மாதக் கடைசிக்கு முன்பே அரிசிப் பானையில் கை அடியைத் தட்டியது. நான் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். அது பெரிய தியாகம் ஒன்றுமில்லை, எனக்குப் பழகினதுதான். அப்படியும் போதவில்லை. தடவினால் தட்டுப்பட வேண்டிய விலா எலும்பு, பார்த்தாலே தெரிய ஆரம்பித்தது.

குப்பத்துக்காரி ஒருநாள் கூடையில் மிஞ்சியதை அப்படியே சட்டியில் கொட்ட வந்தாள். நான் சட்டியை நகர்த்திக்கொண்டேன்.

"இனாம் வேண்டாம்."

"ஒனக்கா குடுக்கறேன்? வாயில்லா ஜீவனுக்குக் குடுக்கறேன்."

"என் வீட்டு ஜீவன். நான் போட்டுக்கொள்கிறேன்."

"போட்டுக் கிழிச்ச" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரக்கப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. மனைவி போன சமயத்தில் எல்லாருமாக இரங்கி இரங்கியே என்னைத் தனியாக்கிவிட்டார்கள்.

ராயபுரத்தில் தோல் மண்டி வைத்திருந்த ஒருவர் இவனை ரயிலடியில் பார்த்துவிட்டு, காவலுக்குக் கொடுக்கிறாயா என்று முன்பே கேட்டிருந்தார். அவர் வீட்டில் தினம் கறி உண்டு. அதை நினைத்து நினைத்துப் பார்த்து, கடைசியில் சரியென்று சொல்லியனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. கடைசியாக ஒருமுறை கடற்கரையில் நடத்திவிட்டு வரலாம் என்று அழைத்துப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையிலிருந்து இழுக்கிற வேலை அது. அதற்கு ஆள் நிறைய வேண்டும். காய்ச்சல் காலமானதால் பாதிப் பேர்தான் இருந்தார்கள். நீரோட்டம் வலையை வடக்கே தள்ளியது. கயிறு அவர்கள் கையிலிருந்து வழுக்கி வழுக்கிப் போயிற்று. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் கிணற்றுக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு என்னோடு மல்லுக்கட்டுவது அவனுக்கு விளையாட்டு. அதே கயிறு என்று நினைத்தானோ என்னவோ, என் கையிலிருந்து திமிறிக்கொண்டு ஓடி, வரிசையின் கடைசியில் மணலில் புரண்ட வால்கயிற்றைக் கவ்வினான். நாலு காலையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்தான். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவன் "வுடாத, வுடாத, இஸ்துகினே இரு" என்றான். அவன் விடவில்லை. வலை கரைக்கு வரும்வரை பல்லை எடுக்கவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டு, யாரும் மீறாத ஊர் விதி, உண்டு. வலை வந்ததும் மீனை மணலில் கூறு கூறாக வைப்பார்கள். கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு. வழியில் போகிறவன் பிடித்தாலும் உண்டு. பிடிக்காதவன் சொந்த அண்ணனானாலும் இல்லை. கூறு வைப்பவர் நாட்டார், அதாவது குப்பத்துத் தலைவர். அவர் எல்லாருக்கும் வைத்துவிட்டு, கடைசியில் இவன் எதிரிலும் ஒரு கூறு வைத்தார்.

"நாய்க்கு இன்னா பங்கு?" என்று ஒருவன் ஆரம்பித்தான். "நம்ம புள்ளைங்க துன்னட்டும்."

"கவுறு புடிச்சிச்சா இல்லியா?"

"புடிச்சிச்சி."

"அப்ப பங்கு கீது. கையா வாயான்னு கடலு கேக்குதா?"

நான் முன்னால் போய், "நாட்டாரே, இனாமெல்லாம்..." என்று இழுத்தேன்.

"ஒனக்கு எவன் இனாம் குடுத்தான்?" என்றார் அவர். "நீ கவுறு புடிச்சியா? கொடை புடிச்சிகினு நின்ன. இது அதோட பங்கு. தூக்கிகினு போ, கூலியாளு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். மத்தியானம் ராயபுரத்து ஆள் சங்கிலியோடு வந்தான். மன்னிக்க வேண்டும், அவனுக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது என்று திருப்பியனுப்பினேன்.

அதிலிருந்து வலை போடுகிற நாளெல்லாம் விடியலில் அவன் கயிற்றுக்குப் போனான், நான் கூடையோடு பின்னால் போனேன். ஒருசமயம் பாதத்தில் சிப்பி வெட்டி நொண்டியபடி படுத்துக் கிடந்தான். அன்றைக்கும் கூறு வீட்டுக்கு வந்தது. கயிறு பிடிக்கிறவன் படுத்தால் பங்கு வீடு தேடி வருவதும் அவர்கள் கட்டுதான். விலா எலும்பு மறுபடி உள்ளே போயிற்று. நான் விரலை ஓட்டிப் பார்ப்பேன், தட்டுப்படும். அந்த அளவிலேயே அவனைக் கடைசிவரை வைத்திருந்தேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

எல்லாம் சொன்ன துரை ஒன்றை மட்டும் சொல்லாமல் கப்பலேறிவிட்டார். இந்தப் பெரிய உடம்புக்கு ஆயுசு சின்னது. ஏழாம் வருஷத்திலேயே மூஞ்சி வெளுத்தது. நான் ஓய்வு பெறும் வரைக்குமாவது கூட இருப்பான் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். எட்டாம் வருஷம் பின்னங்கால் எழவில்லை. சட்டியைப் படுக்கைக்கே கொண்டுபோனேன். முன்பு குட்டியாக இருந்தபோது கொடுத்தது போல, குழைந்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தேன். ஒரு காலை அதையும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டான். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் குழி வெட்ட நாட்டாரே ஆளனுப்பினார். அலுவலகத்துக்குப் போனேன். நாய் செத்ததற்கு லீவு கேட்பது எப்படி என்று தெரியவில்லை.

மறுநாள் காலை வாசலில் குப்பத்துக்காரி கூடையோடு நின்றாள்.

"வேண்டாம்" என்றேன். "இனி யாருக்கு?"

"கவுறு புடிச்சவன் செத்தா கருமாதி வரைக்கும் பங்கு வூட்டுக்கு வந்துகினு இருக்கும். நாட்டாரு குட்த்தனுப்பிச்சாரு." கூடையை இறக்கி வைத்தாள். "இது இனாம் இல்ல."

அவள் போய்விட்டாள். காரப்பொடி. நான் வெளி அடுப்பை மூட்டினேன். வேகவைத்து, ஆறவிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சோற்றோடு பிசைந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது. பிசைந்து முடித்த பிறகுதான் வைக்க இடமில்லை என்று உறைத்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மனைவிக்கு அப்படி அழவில்லை, அப்போது சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் ஒரு கவளம் எடுத்து என் வாயில் போட்டேன். என் பிறவியில் முதல் மீன். உப்பில்லை. உள்ளே போய் எடுத்து வந்திருக்கலாம், உப்புக்கா எனக்குப் பஞ்சம். போகவில்லை. அவன் எட்டு வருஷம் தின்றதை அவன் தின்ற மாதிரியே தின்று முடித்தேன்.

சாயங்காலம் ரயிலடியிலிருந்து திரும்புகிற வழியில் அவள் என் வேலியருகே நின்றாள். வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீ துன்னியா, நைனா?" என்று கேட்டாள்.

"ஆயிற்று" என்றேன். அன்றைக்கு அது பொய்யில்லை.